அறுபது ரூபாய்க்கு மூன்று ஆம்பியர்: எல்எம்2596 மாட்யூலும் அதன் உறவுக்காரர்களும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும், இணைய அங்காடி எதில் தேடினாலும், பன்னிரண்டு வோல்ட்டை ஐந்து வோல்ட்டாக இறக்க முதலில் நீட்டப்படுவது எல்எம்2596 ஐசி பொருத்திய சின்னஞ்சிறு பக் கன்வெர்ட்டர் மாட்யூல்தான். ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும் 21 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நீலப் பலகை. அதில் இரண்டு அலுமினிய மின்தேக்கிகள், ஒரு கறுப்புக் காயில், ஒரு டையோடு, திருகினால் தடை மாறி வெளியீட்டை மாற்றித் தரும் நீலப் பிரீசெட் ஒன்று. விலை ஐம்பது, அறுபது ரூபாய். விற்பவர் தரும் விவரக்குறிப்பு 40 வோல்ட் வரை உள்ளீடு, 3 ஆம்பியர் வெளியீடு, 92 சதவீதம் வரை செயல்திறன் என்று தாராளமாகவே இருக்கும். இந்த மாட்யூலை வெறும் விலையை வைத்து மட்டம் என்று ஒதுக்கிவிடுவதும், வேலை செய்கிறது என்பதாலேயே நல்லது என்று சொல்லிவிடுவதும் சரியாகாது. வடிவமைப்பு எங்கே ஒழுங்காக இருக்கிறது, எங்கே சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாகம் பாகமாகப் பார்த்தால்தான், இதை எந்த வேலைக்கு நம்பலாம் என்பது தெரியவரும்.

இதன் மூலச் சுற்று புதியதல்ல. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் கால் நூற்றாண்டுக்கு மேலாகும் முன்பே வெளியிட்ட ஐசி இது. 2011-இல் அந்நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியபின் அவர்கள் பெயரில் வருகிறது. அதன் தரவுத்தாளின் (தயாரிப்பாளர் வெளியிடும் விவர ஆவணத்தின்) தொடக்கத்திலேயே 12 வோல்ட்டை 5 வோல்ட் 3 ஆம்பியராக மாற்றும் மாதிரிச் சுற்று ஒன்று தரப்பட்டிருக்கிறது. அதில் உள்ளீட்டு மின்தேக்கி 680 மைக்ரோஃபாரட், காயில் 33 மைக்ரோஹென்றி, டையோடு 5 ஆம்பியர் தாங்கும் 1என்5824, வெளியீட்டு மின்தேக்கி 220 மைக்ரோஃபாரட். மலிவு மாட்யூலைக் கையில் எடுத்துப் பார்த்தால் காயிலின் மேல் 330 என்று இருக்கும்; அது 33 மைக்ரோஹென்றியைக் குறிக்கும். வெளியீட்டு மின்தேக்கியும் அதே 220 மைக்ரோஃபாரட்தான். ஆனால் உள்ளீட்டு மின்தேக்கி 680-இலிருந்து 100 மைக்ரோஃபாரட்டுக்கு இறங்கியிருக்கிறது. டையோடு 5 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியர் எஸ்எஸ்34 ஆகிவிட்டது. அதாவது, வடிவமைத்தவர் மாதிரிச் சுற்றைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். வாங்குபவர் மல்டிமீட்டரை வைத்துச் சோதித்தால் குறை தெரியாத இடங்களாகப் பார்த்துக் கத்தரியைப் போட்டிருக்கிறார்.

உள்ளீட்டு மின்தேக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இந்தப் பலகையில் அதிகம் அடிபடுவது அதுதான். பக் கன்வெர்ட்டரின் உள்ளீட்டு மின்னோட்டம் சீராக ஓடுவதில்லை. சுவிட்ச் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முழுச் சுமை மின்னோட்டமும் வெட்டு வெட்டாக இழுக்கப்படுகிறது. அந்த வெட்டுகளைத் தாங்குவது உள்ளீட்டு மின்தேக்கியின் வேலை என்பதால், அதன் அலைவு மின்னோட்டத் தாங்குதிறன் சுமை மின்னோட்டத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று தரவுத்தாள் வலியுறுத்துகிறது. 3 ஆம்பியர் சுமைக்கு இது ஒன்றரை ஆம்பியர். பலகையில் இருப்பதுபோன்ற பெயர் தெரியாத 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் மின்தேக்கிகள் பெரும்பாலும் சில நூறு மில்லியாம்பியருக்கே உரியவை. அதற்கு மேல் ஓட்டினால் மின்தேக்கி உள்ளிருந்தே சூடேறி, உள்ளிருக்கும் திரவம் மெல்ல உலர்ந்து, உள்தடை கூடி, அதனால் இன்னும் சூடேறும். வாங்கிய அன்று இது எதுவும் தெரியாது. ஓராண்டு கழித்து, மாட்யூல் ஏன் திடீரென்று தள்ளாடுகிறது என்று ஐசியைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். பக்கத்திலேயே ஐசி கொதிப்பதும், மின்தேக்கியின் வெப்பநிலை பத்து டிகிரி கூடுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்ற பொது விதியும் இங்கே சேர்ந்துகொள்கின்றன.

அடுத்தது ஐசி. அசல் எல்எம்2596 ஒன்றின் சில்லறை விலையே இந்த முழு மாட்யூலின் விலையைப் போலப் பல மடங்கு. ஆகவே பலகையில் இருப்பது அசல் என்று எதிர்பார்ப்பதற்கு முகாந்திரம் இல்லை. பிரதி என்பது மட்டுமே குற்றமாகாது. பிரதி சொன்னபடி நடக்கிறதா என்பதே கேள்வி. அசல் ஐசி 150 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. மலிவு மாட்யூல்களின் வெளியீட்டுக் காலில், மின் அலையைத் திரையில் காட்டும் அலைக்காட்டியை வைத்தால் பல பலகைகளில் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலையே தெரிகிறது. அது இதற்கு முந்தைய தலைமுறை ஐசியான எல்எம்2576-இன் வேகம். அதன் அதிகாரபூர்வ அதிர்வெண் 52 கிலோஹெர்ட்ஸ். பழைய ஐசியின் வேகத்தில் ஓடும் ஒன்றின் முதுகில் புதிய எண்ணை அச்சிட்டு, புதிய ஐசிக்கு உரிய சிறிய காயிலோடு இணைத்துவிட்டார்கள்.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும்போது, 33 மைக்ரோஹென்றி காயிலில் 150 கிலோஹெர்ட்ஸில் எழும் அலைவு மின்னோட்டம் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.6 ஆம்பியர். அதே காயிலில் 50 கிலோஹெர்ட்ஸில் அது 1.8 ஆம்பியரைத் தொடுகிறது. 3 ஆம்பியர் சுமையில் காயிலின் உச்ச மின்னோட்டம் 3.9 ஆம்பியர் வரை போகும். அத்தனையைத் தாங்கும் காந்தக் கரு இந்த அளவுள்ள மலிவுக் காயிலில் இருப்பது அரிது. கரு செறிவடைந்துவிட்டால், அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலைக்கு வந்துவிட்டால், மின்னோட்டம் செங்குத்தாக ஏறி ஐசியையும் டையோடையும் வதைக்கும். வெளியீட்டு மின்தேக்கியின் உள்தடையை 0.2 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 0.12 வோல்ட்டாக இருக்கவேண்டிய வெளியீட்டு அலைவு 0.35 வோல்ட்டாகிறது. மோட்டாருக்கும் எல்ஈடி பட்டைக்கும் இது பொருட்டே அல்ல. ஆனால் உணரிகளின் நுண்ணிய அளவுகளைப் படிக்கும் சுற்றுக்கோ ஒலிபெருக்கிச் சுற்றுக்கோ இந்த வெளியீட்டை நேராகக் கொடுத்தால், அளவுகள் தாவுவதும் இரைச்சல் கேட்பதும் நிச்சயம்.

இந்த மோசடி இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதிர்வெண் குறையும்போது சுவிட்ச் திறந்து மூடுவதால் வரும் இழப்பும் குறைகிறது. எனவே நடுத்தரச் சுமையில் செயல்திறனை மட்டும் அளந்தால் பிரதி அசலுக்குச் சமமாகவே தோன்றும், சில வேளை ஒரு படி மேலாகக்கூடத் தோன்றும். வெளியீட்டு மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பார்த்தால் 5.00 என்று அசையாமல் நிற்கும். அலைக்காட்டி இல்லாதவர்கள் அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரைச் சிறு சுமையோடு ஐசியின் இரண்டாம் காலில் வைத்துப் பார்க்கலாம். 150-ஐ ஒட்டி வருகிறதா 50-ஐ ஒட்டி வருகிறதா என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் அசலா என்று கேட்பதைவிட இது பயனுள்ளது.

3 ஆம்பியர் என்ற வாக்குறுதிக்கு வருவோம். அசல் ஐசியையே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் இந்தப் பலகையில் அது தொடர்ச்சியாகச் சாத்தியமில்லை. இந்த ஐசியின் உள்ளே இருக்கும் சுவிட்ச் பழைய இருமுனை டிரான்சிஸ்டர் வகை. 3 ஆம்பியரில் அதன் மேல் மட்டுமே 1.16 வோல்ட் விழுகிறது. 12-இலிருந்து 5-க்கு இறக்கும்போது ஐசியில் ஒன்றரை வாட், டையோடில் ஏறத்தாழ 0.9 வாட், மீதி காயிலிலும் மின்தேக்கிகளிலும் வெப்பமாகிறது. தரவுத்தாளே இந்த நிலையில் 80 சதவீதச் செயல்திறனைத்தான் சொல்கிறது. 92 சதவீதம் என்பது உள்ளீடும் வெளியீடும் நெருங்கியிருக்கும் உயர் மின்னழுத்தங்களில் எப்போதோ எட்டப்படுவது. 15 வாட் வெளியே வரும்போது 3.75 வாட் வெப்பமாக ஒரு தீப்பெட்டி அளவுள்ள பலகையில் தங்குகிறது. மூன்று சதுர சென்டிமீட்டர் செப்புப் பரப்பில் இந்த ஐசி ஒரு வாட்டுக்கு 50 டிகிரி சூடேறும் என்கிறது தரவுத்தாள். பதினாறு சதுர சென்டிமீட்டருக்குப் போனால் 30 டிகிரி. நம் பலகையின் மொத்தப் பரப்பே ஒன்பது சதுர சென்டிமீட்டர்தான். அதிலும் ஒரு பகுதியே ஐசியின் முதுகோடு இணைந்த செப்பு. ஆக, ஐசியின் சொந்த வெப்பமே அதனை 65, 70 டிகிரி உயர்த்தும். பக்கத்து டையோடின் வெப்பமும் அதே செப்பில்தான் பரவுகிறது. சித்திரை மாதத்தில் மூடிய பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால், 125 டிகிரி என்ற இயக்க எல்லை வெகு தொலைவில் இல்லை.

நான் இதற்குத் தரும் மதிப்பு ஒன்றரை ஆம்பியர். ஐசியின் மேல் சிறிய ஹீட் சிங்க் ஒட்டினால் இரண்டு. ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வெப்பம் வெளியேறும் உலோக முதுகு பலகையோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, மேலே இருப்பது பிளாஸ்டிக். எனவே மேலே ஒட்டும் ஹீட் சிங்கின் பலன் பாதிதான். பலகையின் பின்புறத்தில், மின்காப்புப் பட்டை வைத்து ஒட்டினால் கூடுதல் பலன் கிடைக்கும். இப்படியெல்லாம் பாடுபடவேண்டிய நிலை வந்தால் வேறு மாட்யூல் வாங்குவதே சிக்கனம் என்பது வேறு கதை.

பிரீசெட் அமைந்திருக்கும் இடத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கோ இந்தப் பலகையின் மிகப் பெரிய வடிவமைப்புக் குறை அதுதான். வெளியீட்டை நிர்ணயிப்பது இரண்டு தடைகள்: வெளியீட்டுக்கும் ஐசி அதை அளக்கும் காலுக்கும் நடுவே மேல் தடை, அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவே கீழ்த் தடை. கீழ்த் தடை நிலையானது, சில நூறு ஓம். மேல் தடை 10 கிலோஓம் பிரீசெட். பிரீசெட்டின் உள்ளே நகரும் தொடுமுனை தூசியாலோ அதிர்வாலோ தொடர்பை இழந்தால், மேல் தடை ஒரேயடியாகக் கூடிவிடுகிறது. ஐசி வெளியீடு குறைந்துவிட்டதாக எண்ணி, உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஏறக்குறைய முழுதாகவே வெளியே தள்ளுகிறது. ஐந்து வோல்ட் கருவிக்குப் பன்னிரண்டு வோல்ட் போய்ச் சேரும். பிரீசெட்டைக் கீழ்த் தடையின் இடத்தில் வைத்திருந்தால், அதே பழுது நேரும்போது வெளியீடு பாதுகாப்பாக 1.23 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். இந்த மாற்றத்துக்குப் பைசா செலவில்லை. வரையும்போது கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். இரு சக்கர வண்டியிலோ ஆட்டோவிலோ இந்த மாட்யூலைப் பொருத்துகிறவர்கள் பிரீசெட்டைக் கழற்றிவிட்டு நிலையான தடையைப் போடுவதே நல்லது. கீழ்த் தடையின் மேல் 331 என்று அச்சிட்டிருந்தால் அது 330 ஓம். பிரீசெட் இருந்த இடத்தில் 1 கிலோஓம் தடையைப் போட்டால் வெளியீடு 4.96 வோல்ட்டில் நிற்கும்.

சின்னக் குறைகளும் உண்டு. துருவம் மாற்றி இணைத்தால் காப்பாற்ற எதுவும் இல்லை; ஃபியூஸும் இல்லை. 40 வோல்ட் உள்ளீடு என்று சொல்லிவிட்டு 40 வோல்ட் டையோடை வைத்திருப்பதால் மிச்ச இடைவெளி பூஜ்யம். 30 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதிருப்பது உசிதம். பிரீசெட்டை முழுக்கத் திருகினால் வெளியீடு 35 வோல்ட்டைத் தாண்டலாம், ஆனால் வெளியீட்டு மின்தேக்கியின் எல்லை அதே 35. ஐசியை அணைத்து வைக்க உதவும் ஐந்தாம் கால் நேரே தரையோடு இணைக்கப்பட்டுவிட்டதால் அந்த வசதியும் வீணாகிறது. சும்மா இருக்கும்போதே ஐசி 5 மில்லியாம்பியர் குடிக்கும். காட்டி எல்ஈடிக்குத் தனியே சில மில்லியாம்பியர். எட்டு மில்லியாம்பியர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 0.2 ஆம்பியர்-மணி, 7 ஆம்பியர்-மணி பேட்டரி எந்த வேலையும் செய்யாமலேயே ஐந்து வாரத்தில் காலியாகும். ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலரை ஆழ்துயிலில் போட்டு மைக்ரோஆம்பியர் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஏற்ற பலகையே அல்ல.

அவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது எம்பி1584 மாட்யூலிடம். 22 மில்லிமீட்டருக்கு 17 மில்லிமீட்டர். ஏறத்தாழ அதே விலை. மோனோலிதிக் பவர் சிஸ்டம்ஸ் வடிவமைத்த இந்த ஐசி 1.5 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கக்கூடியது. அதனால்தான் காயிலும் மின்தேக்கிகளும் இவ்வளவு சிறியவை. உள்ளே மாஸ்ஃபெட் சுவிட்ச் என்பதால் இழப்பு குறைவு. சும்மா இருக்கும்போது ஐசி எடுப்பது 0.1 மில்லியாம்பியர் அளவே. மின்னணு வடிவமைப்பாக எடுத்துக்கொண்டால் எல்எம்2596 பலகையைவிட இது ஒரு தலைமுறை முன்னால் இருக்கிறது. ஒரு ஆம்பியர் வரையிலான வேலைக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் 3 ஆம்பியர் என்ற பேச்சு இங்கும் வெறும் பேச்சுதான். இத்தனை சிறிய பலகையால் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாது.

இதன் பலவீனம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. உள்ளீட்டில் இருப்பது செராமிக் மின்தேக்கி மட்டுமே. 24 வோல்ட் மூலத்தோடு நீண்ட ஒயரில் இதைச் சட்டென்று இணைத்தால், ஒயரின் மின்தூண்டலும் செராமிக் மின்தேக்கியும் சேர்ந்து ஊசலாடி, உள்ளீட்டு மின்னழுத்தம் ஒரு கணம் ஏறக்குறைய இரு மடங்காகத் துள்ளும். இந்த ஐசியின் இயக்க எல்லை 28 வோல்ட், உச்ச எல்லை 30 வோல்ட். செருகிய கணத்திலேயே புகை வந்தது என்று சொல்கிறவர்களின் பழுது பலவும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். உள்ளீட்டில் 100 மைக்ரோஃபாரட் அலுமினிய மின்தேக்கி ஒன்றை இணைத்தால் அதன் உள்தடை அந்த ஊசலாட்டத்தை அடக்கிவிடும். எல்எம்2596 பலகையில் நான் குறை சொன்ன அந்த மட்டமான மின்தேக்கி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தன் உள்தடையாலேயே நன்மை செய்கிறது. லாரியின் 24 வோல்ட் பேட்டரி, மின்னேற்றம் நடக்கும்போது 28-ஐத் தொடும் என்பதால் அங்கே எம்பி1584 வேண்டவே வேண்டாம். இதன் பிரீசெட் ஒற்றைச் சுற்று வகை. திருகாணி முனை லேசாகப் பட்டாலே வெளியீடு நகர்ந்துவிடும், எனவே சரிசெய்தபின் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடவேண்டும்.

5 ஆம்பியர் என்று விற்கப்படும் எக்ஸ்எல்4015 மாட்யூல், அதிலும் மின்னோட்டக் கட்டுப்பாட்டுக்கென இரண்டாவது பிரீசெட் உள்ள வகை, பேட்டரி மின்னேற்றத்துக்கும் எல்ஈடிக்கும் பிரபலம். எஸ்எஸ்34 இடத்தில் பெரிய டையோடும் தடித்த காயிலும் இருப்பதால் 3 ஆம்பியரை, ஹீட் சிங்கோடு, ஓரளவு நேர்மையாகவே தருகிறது. ஆனால் மின்னோட்டத்தை அளக்கும் தடை எதிர்முனை (மைனஸ்) பாதையில் இருப்பதால், உள்ளீட்டின் எதிர்முனையும் வெளியீட்டின் எதிர்முனையும் ஒன்றல்ல. வண்டியின் உடற்சட்டம் வழியாகவோ யுஎஸ்பி கேபிள் வழியாகவோ இரண்டும் எங்காவது தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் அளவுத் தடையைச் சுற்றிக்கொண்டு ஓடும். கட்டுப்பாடு இல்லாமலே போகும். பலகையில் இதற்கு ஒரு வரி எச்சரிக்கை அச்சிட இடமிருந்தும் அச்சிடவில்லை.

இறக்காமல் மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் வகையில் எம்டி3608 மாட்யூல் மிக மலிவு. வாங்கியதும் பிரீசெட்டை நெடுநேரம் திருகியும் வெளியீடு உள்ளீட்டை ஒட்டியே நின்றால் பழுது என்று தூக்கிப்போடவேண்டாம். இன்னும் பல சுற்றுகள் இடப்பக்கம் திருகியபின்தான் அசையத் தொடங்கும். ஒற்றை லித்தியம் செல்லிலிருந்து 12 வோல்ட் 1 ஆம்பியர் எடுக்கப் பார்க்கிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்: 12 வாட் வெளியே வர, 85 சதவீதச் செயல்திறனில், 3.7 வோல்ட் செல்லிலிருந்து 3.8 ஆம்பியர் இழுக்கவேண்டும்; ஐசியின் சுவிட்ச் எல்லையே 4 ஆம்பியர். 12 வோல்ட்டில் 300, 400 மில்லியாம்பியர் என்றால் நிம்மதியாக ஓடும். வெளியீட்டைக் குறுக்குச்சுற்றாக்கினால் இந்த வகைச் சுற்றால் தடுக்க இயலாது. காயிலும் டையோடும் வழியாக உள்ளீடு நேரே வெளியீட்டோடு இணைந்திருப்பது இதன் இயல்பு. லித்தியம் செல்லுக்கும் இதற்கும் நடுவே ஃபியூஸ் கட்டாயம்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிக்கு இவற்றில் எது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், அதுவும் சரிவில்லாமல் வேண்டும். எல்எம்2596, எம்பி1584 இரண்டுமே அதற்குப் பொருந்தா. வீட்டு மின்சாரம் இருக்கும் இடத்தில் அதற்கென்றே விற்கும் அடாப்டரை வாங்குங்கள். பேட்டரியில்தான் ஓடவேண்டும் என்றால் ஹீட் சிங்கோடு எக்ஸ்எல்4015, அதிலும் மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லாத எளிய வகை. ஆர்டுயினோ, ரிலே, சிறு மின்விசிறி போன்றவற்றுக்கு எல்எம்2596 பலகையை, பிரீசெட்டை மாற்றி, உள்ளீட்டில் நல்ல பிராண்டின் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கூடுதலாக இணைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தக் கூடுதல் செலவு பதினைந்து, இருபது ரூபாய்தான்.